கணினியில் கார் பந்தயம்: விளையாட்டும் ஸ்டீயரிங்கும் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வரை போனால் வழியெல்லாம் வாகன ஆலைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் 2010இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய கார் ஆலை, பாரத்பென்ஸ் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். வல்லம் வடகாலில் யமஹா. கதவு மாட்டுபவர், பிரேக் சோதிப்பவர், பெயின்ட் ஷாப்பில் நிற்பவர் என்று இங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வண்டிதான் பிழைப்பு. வண்டியை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்க்கும் ஆசையும் அவர்களில் பலருக்கு உண்டு.

இருங்காட்டுக்கோட்டையிலேயே பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சீசன் முழுக்க ஓட்டுவதற்கு லட்சங்கள் வேண்டும். அதே திறமையின் பெரும்பகுதியை அறைக்குள் உட்கார்ந்தே, ஒரு கணினியும் ஸ்டீயரிங்கும் கொண்டு கற்றுக்கொள்ளலாம். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். இந்த வரிசையை மாற்றினால்தான் பணம் வீணாகிறது.

படி 1: நமக்கு எந்த வகை ஓட்டம் பிடிக்கும்?

கார் விளையாட்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நான்கு வகை இருக்கிறது.

முதல் வகை பொழுதுபோக்கு ஓட்டம். ஃபோர்ஸா ஹொரைசன் 5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெக்சிகோவின் சாலைகளில் விருப்பம்போல் பறக்கலாம். இதற்கு ஸ்டீயரிங் தேவையே இல்லை. கேம்பேடில்தான் இது சிறப்பாக இருக்கும்.

இரண்டாவது, சிமுலேஷன். டயரின் சூடு, எடை முன்னும் பின்னும் நகர்வது, சாலையின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் கணக்கிடும் விளையாட்டுகள் இவை. அசெட்டோ கோர்சா, ஐரேசிங், ஆட்டோமொபிலிஸ்டா 2, லு மான் அல்டிமேட் ஆகியவை இந்த வகை. ஸ்டீயரிங் வாங்குவதன் முழுப் பயன் இங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது, ராலி. மண்சாலையில், பக்கத்தில் இருப்பவர் வழி சொல்லச் சொல்ல, நேரத்தோடு போட்டி போடுவது. டர்ட் ராலி 2.0 இதில் பெயர்பெற்றது. கடினமானது, முதல் விளையாட்டாக வேண்டாம்.

நான்காவது, கனரக வாகனம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 பந்தயம் இல்லை. ஆனால் ஸ்டீயரிங் பிடிக்கப் பழக இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது. பிரிட்டனில் ஒரு நகரத்தைத் தொடக்க இடமாகத் தேர்ந்தெடுத்தால் நம் ஊர் போலவே இடப்பக்கச் சாலையில் ஓட்டலாம். ரசிகர்கள் உருவாக்கிய கூடுதல் தொகுப்புகளான மோட்களில் தமிழ்நாடு அரசுப் பேருந்தும் இதற்கு உண்டு.

படி 2: கணினி தாங்குமா?

அசெட்டோ கோர்சா 2014இல் வெளிவந்தது. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 அதற்கும் முந்தையது, 2012. எனவே பழைய கணினியிலும் இவை ஓடும். ஜிடிஎக்ஸ் 1650 அளவிலான கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் போதும்.

புதிய தலைமுறை விளையாட்டுகளான அசெட்டோ கோர்சா ஈவோ, லு மான் அல்டிமேட் போன்றவற்றுக்கு இன்னும் வலுவான கார்டு வேண்டும். அதற்காக இப்போதே கணினியை மாற்ற வேண்டாம். பந்தயத்தில் படத்தின் அழகைவிடச் சீரான ஓட்டம் முக்கியம். நொடிக்கு 60 ஃபிரேம் தடங்கலில்லாமல் வரும்படி நிழல், கண்ணாடிப் பிரதிபலிப்பு, கூட்டம் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வோம்.

கையில் இருப்பது அலுவலக லேப்டாப் மட்டும் என்றால் யூரோ டிரக்கை மிகக் குறைந்த தரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் திக்கினால் முதலில் கணினிக்குச் சேமிப்போம். ஸ்டீயரிங் காத்திருக்கட்டும்.

படி 3: முதல் விளையாட்டை வாங்குவோம்

ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கும். யுபிஐ மூலம் கட்டலாம். ஆண்டில் சில முறை பெரிய தள்ளுபடி வரும். கோடையிலும் டிசம்பர் இறுதியிலும் வருபவை முக்கியமானவை. பழைய விளையாட்டுகள் அப்போது பாதி விலைக்கும் கீழே இறங்கும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய அன்றே நம் கணினியில் ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

என் பரிந்துரை அசெட்டோ கோர்சா. காரணம் மூன்று. விலை குறைவு. பழைய கணினியிலும் ஓடும். உலகம் முழுக்க ரசிகர்கள் இதற்காகக் கார்களையும் தடங்களையும் மோட்களாக உருவாக்கிக் குவித்திருக்கிறார்கள். விளையாட்டோடு வரும் தடங்களில் நம் நாட்டுத் தடங்கள் இல்லை. இருங்காட்டுக்கோட்டை, கோவை காரி ஸ்பீட்வே, கிரேட்டர் நொய்டா புத் தடம் ஆகிய பெயர்களை மோட் தளங்களில் தேடிப் பாருங்கள். மோன்சா, இமோலா, முஜெல்லோ போன்ற இத்தாலியத் தடங்கள் லேசர் கொண்டு அளக்கப்பட்டு இதிலேயே வருகின்றன.

பணமே கட்டாமல் பார்க்க ரேஸ்ரூம் இருக்கிறது. சில கார்களும் தடங்களும் இலவசம், மீதிக்குத்தான் காசு.

ஐரேசிங் 2008இல் தொடங்கியது. ஆன்லைன் பந்தயத்தில் அதன் ஒழுங்குக்கு இணை குறைவு. ஆனால் அதற்குச் சந்தா கட்ட வேண்டும், கூடுதல் கார், தடம் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. முதல் ஆண்டில் வேண்டாம். கிரான் டூரிஸ்மோ 7 பிளேஸ்டேஷனில் மட்டும்தான், கணினிக்கு வரவில்லை.

படி 4: முதல் மாதம் கேம்பேடோடு

ஸ்டீயரிங் வாங்கும் முன் ஒரு மாதம் கேம்பேடில் ஓட்டுவோம். 1,500 ரூபாயிலிருந்து நல்ல பேட் கிடைக்கிறது. கீபோர்டு உதவாது. அதில் பிரேக் என்றால் முழு பிரேக், இல்லையென்றால் ஒன்றுமில்லை. நடுவில் எதுவும் கிடையாது.

இந்த ஒரு மாதம் நமக்கு ஒரு கேள்விக்கு விடை சொல்லும். ஷிப்ட் முடிந்து களைத்து வந்த பிறகும் ஒரே தடத்தில் இருபது சுற்று ஓட்டி, நேரத்தை அரை நொடி குறைக்கும் ஆர்வம் இருக்கிறதா? இருந்தால் ஸ்டீயரிங் வாங்கலாம். இல்லாவிட்டால் ஃபோர்ஸா ஹொரைசனும் பேடுமே நமக்குப் போதும். முப்பதாயிரம் ரூபாய் மிச்சம்.

படி 5: ஸ்டீயரிங் வகைகளைப் புரிந்துகொள்வோம்

ஸ்டீயரிங் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் உண்டா?

உண்மையான காரில் முன் டயர்கள் சாலையைப் பிடித்திருக்கும்போது ஸ்டீயரிங் கனமாக நிற்கும். பிடி விடும்போது லேசாகும். அந்தச் செய்தியை உள்ளே இருக்கும் மோட்டார் மூலம் நம் கைக்கு அனுப்புவதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். கார் வழுக்கத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஸ்டீயரிங் வாங்குவதே இதற்காகத்தான்.

மலிவான பல ஸ்டீயரிங்குகளில் வெறும் அதிர்வு மட்டும் இருக்கும். நடுவுக்குத் திரும்புவது ஸ்பிரிங்காலோ ரப்பராலோதான். பெட்டியில் கியர் லீவர், மூன்று பெடல் எல்லாம் தந்து பத்தாயிரம் சொச்சத்துக்கு விற்பார்கள். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் டயர் என்ன செய்கிறது என்று அது சொல்லாது. அதைவிட நல்ல பேடே மேல்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ளவை மூன்று வகை.

கியர் வகை: மோட்டாரின் விசை பற்சக்கரங்கள் வழியாக வரும். லாஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 இந்த வகை. சுமார் 2 நியூட்டன் மீட்டர் விசை. உறுதியானவை, பல ஆண்டுகள் உழைக்கும். கொஞ்சம் கடகடக்கும்.

பெல்ட் வகை: பட்டை வழியாக விசை வரும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 இந்த வகை. டி248 பெல்ட்டும் கியரும் கலந்தது. இவை இன்னும் மென்மையாக, சற்று வலுவாக இருக்கும்.

டைரக்ட் டிரைவ்: ஸ்டீயரிங் நேராக மோட்டார் தண்டிலேயே உட்காரும். இடையில் எதுவும் இல்லாததால் செய்தி துல்லியமாக வரும். மோசா ஆர்5 சுமார் 5.5 நியூட்டன் மீட்டர், ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி தொடக்க நிலையில் 5 நியூட்டன் மீட்டர்.

அசெம்பிளி லைனில் டார்க் ரென்ச் பிடிப்பவருக்கு நியூட்டன் மீட்டர் புதிதில்லை. கார் சக்கர நட்டு 100 நியூட்டன் மீட்டர் அளவில் இறுகுகிறது. இங்கே 2, 5 என்று பேசுகிறோமே என்று தோன்றலாம். ஆனால் மணிக்கணக்கில் கையில் பிடித்திருக்கும் வளையத்துக்கு 5 நல்ல வலு. தொடங்குபவருக்கு 2 போதும்.

படி 6: பெடலைப் பார்க்க மறக்காதீர்கள்

சுற்று நேரத்தை ஸ்டீயரிங்கைவிட அதிகமாகக் குறைப்பது பிரேக் பெடல். கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளப்பது சாதாரண பெடல். எவ்வளவு அழுத்தம் கொடுத்தோம் என்று அளப்பது லோட் செல் பெடல். உண்மையான காரிலும் நாம் அழுத்தத்தைத்தான் உணர்கிறோம் என்பதால் லோட் செல் காலுக்குச் சீக்கிரம் பழகும். முதலில் கிடைப்பதில் தொடங்கி, பின்னர் பணம் வரும்போது இதை மாற்றுவதே நல்ல முதலீடு.

ஜி29, ஜி920, ஜி923, டி248 ஆகியவற்றோடு மூன்று பெடல் வரும். மோசா ஆர்5 தொகுப்பில் வருவது இரண்டு. கிளட்ச் தனியாக வாங்க வேண்டும். பந்தயக் கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள தகட்டை இழுத்தே கியர் மாற்றுவோம். எனவே கிளட்சும் கியர் லீவரும் முதல் நாளே தேவையில்லை. பின்னர் லீவர் வாங்கினால் இடப்பக்கம் பொருத்துங்கள். நம் கார்களில் அங்கேதானே இருக்கிறது.

படி 7: எவ்வளவு செலவாகும்?

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். இவை தோராயக் கணக்கு.

- தொடக்கம்: கேம்பேடு 1,500 முதல் 5,000 ரூபாய். தள்ளுபடியில் ஒரு விளையாட்டு சில நூறு ரூபாய்.
- முதல் ஸ்டீயரிங்: ஜி29 அல்லது ஜி920 சுமார் 25,000 முதல் 30,000. ஜி923, டி248 சுமார் 30,000 முதல் 40,000.
- அடுத்த கட்டம்: மோசா ஆர்5 தொகுப்பு 50,000க்கு மேல்.
- தாங்கி (ஸ்டீயரிங்கையும் பெடலையும் பொருத்தும் சட்டம்): கடையில் வாங்கினால் 5,000 முதல் 10,000.

என் தீர்ப்பு: பெரும்பாலானவர்களுக்கு ஜி29தான் முதல் ஸ்டீயரிங். உதிரிப் பாகம், பழைய சந்தை மதிப்பு, இணையத்தில் கிடைக்கும் உதவி என்று எல்லாவற்றிலும் அது முன்னே நிற்கிறது. கணினியில் ஜி29, ஜி920 இரண்டும் ஒன்றுதான். பின்னால் பிளேஸ்டேஷன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஜி29, எக்ஸ்பாக்ஸ் என்றால் ஜி920.

ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டி ஆன்லைன் கடைகளில் விலை இறங்கும். ஆலைகளில் போனஸ் வருவதும் அந்தச் சமயத்தில்தான். அதுவரை காத்திருக்கலாம். இதற்காகக் கடன் தவணையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 8: பழையது வாங்கலாமா?

தாராளமாக. ஜி29 பழையது பாதியை ஒட்டிய விலைக்குக் கிடைக்கும். ஆனால் நேரில் போய், மின்சாரத்தில் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

- மாட்டியதும் ஸ்டீயரிங் தானாக இருபுறமும் முழுக்கச் சுழன்று நடுவில் நிற்கிறதா?
- சுழலும்போது கரகரவென்று அரைக்கிறதா? லேசான கடகடப்பு இயல்பு, அரைப்பு ஆபத்து.
- பெடலை மெதுவாக அழுத்தும்போது திரையில் அளவு சீராக ஏறுகிறதா, துள்ளுகிறதா? துள்ளினால் உள்ளே தூசி, அல்லது தேய்மானம்.
- அடாப்டர் அதனோடு வந்ததுதானா? வேறு அடாப்டர் மாட்டினால் போர்டு எரிந்துபோகலாம்.
- பில் இருக்கிறதா, உத்தரவாதம் மிச்சம் உண்டா?

சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். பழுதானால் இங்கே யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: அறையில் எங்கே பொருத்துவது?

ஸ்டீயரிங் ஆடினால் ஓட்டம் ஆடும். கனமான மேசையின் விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் மேசை தாங்காது.

நம் வீடுகளில் டைல்ஸ் தரை. பிரேக்கை அழுத்தியதும் பெடல் முன்னே ஓடும், சக்கரம் வைத்த நாற்காலி பின்னே ஓடும். பெடலைச் சுவரில் முட்டக் கொடுங்கள், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். சக்கரமில்லாத உறுதியான நாற்காலி போதும்.

தாங்கி வேண்டுமென்றால் நம் பகுதியில் ஒரு வசதி உண்டு. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை எங்கும் வெல்டிங் பட்டறைகள். சதுரக் குழாயில் ஸ்டீயரிங் தட்டும் பெடல் தட்டும் கொண்ட சட்டத்தை அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். உயரத்தையும் சாய்வையும் மாற்றும்படி துளைகள் போடச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் முழங்கை லேசாக மடிய வேண்டும், பிரேக்கை முழுக்க அழுத்தும்போதும் முழங்கால் நேராக நீளக் கூடாது.

நண்பர்களோடு பகிர்ந்த அறை என்றால் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குபவரை நினைவில் வையுங்கள். கியர் வகையின் சத்தம் சுவர் தாண்டும். மின்தடை வந்து போகும் இடங்களில் நல்ல ஸ்பைக் கார்டு கட்டாயம்.

படி 10: பொருத்தியதும் செய்ய வேண்டியவை

1. தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவி, ஃபர்ம்வேரைப் புதுப்பிப்போம்.
2. சுழற்சி அளவை 900 டிகிரியில் வைப்போம். அசெட்டோ கோர்சா ஒவ்வொரு காருக்கும் ஏற்றபடி அதைத் தானே மாற்றிக்கொள்ளும்.
3. ஃபோர்ஸ் ஃபீட்பேக் வலுவை முழுக்க ஏற்றக் கூடாது. மோட்டாரின் எல்லையைத் தாண்டினால் சிறிய அதிர்வும் பெரிய திருப்பமும் கைக்கு ஒன்றுபோலவே தெரியும். எல்லையைத் தொடாத அளவுக்குக் குறைப்போம்.
4. காட்சிக் கோணத்தைச் சரிசெய்வோம். திரை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு அகலத்தில் இருக்கிறது என்று கொடுத்தால் சரியான கோணத்தைச் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் உண்டு. தொடக்கத்தில் காட்சி குறுகலாகத் தெரியும். ஆனால் வேகமும் தூரமும் உண்மைக்கு நெருங்கும்.

படி 11: முதல் மூன்று மாதப் பயிற்சி

ஃபார்முலா கார் எடுக்கும் ஆசையை அடக்குவோம். அசெட்டோ கோர்சாவில் அபார்த் 500 போன்ற சிறிய காரை எடுத்து, மேஜியோனே போன்ற சிறிய தடத்தில் ஓட்டுவோம். மெதுவான கார் தவற்றை உடனே தண்டிக்காது. எங்கே தவறினோம் என்று யோசிக்க நேரம் தரும்.

முதல் மாதம், தடத்தை விட்டு வெளியேறாமல் தொடர்ந்து பத்துச் சுற்று. வேகம் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டாம் மாதம் பிரேக். கார் நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிடித்து, திருப்பத்துக்குள் நுழையும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சாலையோரம் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் மாதம் பாதை. திருப்பத்தின் வெளியோரத்தில் தொடங்கி, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு. பார்வை எப்போதும் அடுத்த இடத்தில் இருக்கட்டும். தரையில் தெரியும் வழிகாட்டிக் கோட்டை இந்த மாதத்தில் அணைத்துவிடுவோம்.

படி 12: மற்றவர்களோடு பந்தயம்

கம்பியில் வரும் பிராட்பேண்ட் நல்லது. செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் நம் கார் மற்றவர் திரையில் தாவித் தாவித் தெரியும். இந்தியா, சிங்கப்பூர் போன்ற அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்போம்.

முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தாலும் யாரையும் இடிக்காமல் முடிப்பதுதான் வெற்றி. முதல் திருப்பத்தில் எல்லோரும் ஒன்றாக நுழைவார்கள். அங்கே வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக் பிடியுங்கள். தடம் விட்டு வெளியே போனால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

எச்சரிக்கை

சந்தேகமான இணையதளங்களில் கிடைக்கும் மோட்களோடு வைரஸும் வரலாம். கட்டணக் கார்களைத் திருடித் தரும் இடங்களைத் தவிர்ப்போம். மணிக்கட்டு வலித்தால் விசையைக் குறைத்து ஓய்வெடுப்போம். மறுநாள் காலை ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவர் நள்ளிரவு தாண்டி ஓட்டக் கூடாது. தூக்கம் கெட்ட கண்ணோடு பிரஸ் ஷாப்பில் நிற்பது ஆபத்து.

இதன் பிறகு?

இந்தத் திறமை திரையோடு நிற்க வேண்டியதில்லை. நிசானும் சோனியும் சேர்ந்து நடத்திய ஜிடி அகாடமி, கிரான் டூரிஸ்மோ விளையாடியவர்களை உண்மையான பந்தயக் காரில் உட்கார வைத்தது. 2008இல் லூகாஸ் ஓர்தோன்யஸ், 2011இல் ஜான் மார்டன்பரோ அந்த வழியில் வந்தவர்கள். 2020 ஊரடங்கில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களே வீட்டிலிருந்து கணினியில் பந்தயம் ஓட்டினார்கள்.

நமக்கோ தடமே பக்கத்தில் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தடம் அமைத்து 1990இல் திறந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 திருப்பங்கள். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கோவையின் நரேன் கார்த்திகேயனுக்கும், 2010இல் போன சென்னையின் கருண் சந்தோக்குக்கும் பழக்கமான தடம் அது. பந்தய நாளில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். எந்த இடத்தில் பிரேக் விளக்கு எரிகிறது, எந்தக் கோட்டில் கார் திரும்புகிறது என்பதெல்லாம் இப்போது உங்களுக்குப் புரியும். கார்ட்டிங்கில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பும் அங்கே இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் பந்தயத் தடம் இல்லை. ஷிப்ட் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் சாலையைக் கடக்கும் மனிதர்களும் இருக்கும் இடம் அது. வேகத்தின் ஆசையைத் திரையிலும் தடத்திலும் தீர்த்துக்கொள்வோம். சாலையில் பொறுமையாக வீடு வந்து சேர்வோம்.